பதினாலாம் நம்பர் வண்டி

கறுப்பர்களின் அந்தத் தேவாலயச் சபையின் கீழ்த்தளக் கூடத்தில் அன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் பாஸ்டர் கில்யார்ட். அவருக்கு வலப்புறம் சபை ஊழியத்தில் உதவும் டீக்கன் ஹோஸியா. எதிர்ப்புறம், சுட்டுக் கொல்லப்பட்ட டாரியனின் தாய் எர்னஸ்டீன். அவளை ஒட்டிய நாற்காலியில் அவளுடைய பள்ளிக்காலத்துச் சிநேகிதி வெர்லீன். அவள்தான் சபைச் செயலாளர். நடுவில் யாரோ கொண்டுவந்து வைத்த பொரித்த கோழி ஆறிப்போய்க் கிடந்தது.

டாரியனைச் சுட்டவன் ஷெரிஃப் அலுவலகத்து வெள்ளைக்காரப் போலீஸ்காரன். யார் என்று அலுவலகம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சுட்ட இடமான பெட்ரோல் பங்கில் ஒரு பெண் போனில் எடுத்த படத்தில் போலீஸ் வண்டியின் பின்பக்கம் பதினாலு என்ற எண் தெரிந்தது. அந்த ஊருக்கு அது போதும். போலீஸ்காரர்கள் வண்டியை வீட்டுக்கே ஓட்டிப்போய் வாசலில் நிறுத்துகிற ஊர். எந்த எண் யார் வாசலில் நிற்கும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பதினாலு, ரஸ்க் என்ற போலீஸ்காரனுடையது. இருட்டுவதற்குள் அவன் பெயர் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. மறுநாள் அவன் வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு போன செங்கல், உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகளின் நெற்றியில் பட்டது.

விடிந்தால் அடக்க ஆராதனை. இறந்தவரைப் பற்றிச் சபை ஒரு இரங்கல் தீர்மானம் எழுதும்; செயலாளர் அதை எல்லார் முன்னும் வாசித்துத் தாயின் கையில் கொடுப்பார். இந்த முறை ஒரு பிரதி அரசு வழக்கறிஞருக்கும் போக வேண்டும். ரஸ்க்கைக் கைது செய்யக் கோரும் வரி அதில் இருந்தது. செயலாளர் கையெழுத்தில்லாமல் தீர்மானம் வெளியே போகாது. வெர்லீன் பேனாவை மூடி வைத்தாள்.

"பாஸ்டர், பேரை மட்டும் எடுத்துரலாம்."

"ஏன் சிஸ்டர், மை தீந்துபோச்சா?" என்றார் ஹோஸியா.

"அன்னிக்கு டாரியனைச் சுட்ட நேரத்துல ரஸ்க் டயாலிசிஸ் சென்டர்ல என் பக்கத்துல ஒக்காந்திருந்தான். உள்ள என் வீட்டுக்காரரு, அவன் அம்மா. அங்க டிவிலதான் நாங்க ரெண்டு பேரும் செய்தியப் பாத்தோம். 'என் வண்டிய வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போயிருக்கான், அவன் வண்டி ரிப்பேரு'ன்னு அதுக்கு முன்னாடியே பொலம்பிட்டிருந்தான்."

"எவன் வாங்கிட்டுப் போனான்?" என்று கேட்டார் ஹோஸியா.

"அதைச் சொல்லல."

"அப்ப இத்தனை நாள் இந்தக் கதை எங்க போயிருந்துச்சு? அவனுக்கு வக்கீலா வந்துட்டீங்களா?"

"ஹோஸியா, போதும்" என்றார் பாஸ்டர்.

வெர்லீன் எர்னஸ்டீனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "புள்ளையப் பறிகொடுத்தவகிட்ட வந்து இதை எந்த வாயால சொல்றது?"

எர்னஸ்டீன் திரும்பாமலே பேசினாள். "அவன் ஒடம்பு சூடு ஆறல. அதுக்குள்ள கடையில திருடிட்டு ஓடினான்னு ஊர்ல பாதி பேரு பேசிட்டாங்க. பெட்ரோலுக்குக் காசு குடுத்த ரசீது பாக்கெட்டுல இருந்துச்சு. அப்ப என் புள்ளைக்காக யாருடி பொறுத்திருந்து பாத்தா?"

"யாரும் பாக்கலடி."

மாடியில் யாரோ நாளைக்கான நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரஸ்க்கோட பொண்ணுக்கு... கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று எர்னஸ்டீன் கேட்டாள்.

"கண்ணு தப்பிச்சுது. நெத்தியில தையல்."

எர்னஸ்டீன் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பெயர் மேல் விரலை வைத்தாள்.

"எடுத்துரு. அந்த எடத்தைக் காலியா விடு. எவன்னு தெரிஞ்சதும் நான் என் கையால எழுதுறேன்."

வெர்லீன் தலையசைத்தாள்.

"ஆனா நாளைக்கு நீ வாசிக்காத. வேற யாராவது வாசிக்கட்டும். என் பக்கத்துலயும் வந்து ஒக்காராத."

"எர்னஸ்டீன்..."

"நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். அதுக்காக என்னால ஒன் மொகத்தப் பாக்க முடியாது."

அவள் எழுந்து படியேறிப் போனாள். ஹோஸியாவும் பின்னாலேயே போனார். "கதவை நான் பூட்டிக்கிறேன் சிஸ்டர்" என்று பாஸ்டர் மட்டும் மெல்லச் சொன்னார்.

வெர்லீன் தீர்மானத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்தாள். பெயர் இருந்த இடத்தில் ஒரு நீளக் கோடு. கீழே கையெழுத்திட்டாள். ஒரு பிரதியை மடித்து, அரசு வழக்கறிஞரின் முகவரி எழுதிய உறையில் போட்டு, பசையை நனைத்து ஒட்டி, விளிம்பை நகத்தால் இரண்டுமுறை அழுத்தினாள். தபால்தலை ஒட்டியதும் தெருவைக் கடந்துபோய் நீலத் தபால்பெட்டிக்குள் போட்டாள்.