ஏழாம் அறைக்கு வராத அழைப்பு

ஆனைக்குட்டம் சாலையில் உள்ள ஒரு பட்டாசு ஆலையில், 2007ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஓர் ஒத்திகை நடைபெற்றது. இடி மின்னல் நெருங்கும்போது தொழிலாளர்களை வெளியே அழைக்கும் அறிவிப்புக் கருவியை எங்கள் சிறிய நிறுவனம் அங்கே பொருத்தியிருந்தது. பதிவான குரலைத் துண்டு துண்டாக ஒலிச்சில்லுக்கு அனுப்பும் டிரைவர் என்னும் மென்பொருளை எழுதியவன் நான்.

வெடிமருந்து சிந்தினாலும் உரசினாலும் ஆபத்து என்பதால், அங்கே எவரும் முண்டியடித்து ஓடுவதில்லை. “முதல் அறை, வாங்க” என்பதுபோல் தம் அறையின் எண்ணைக் கேட்ட பிறகே எழ வேண்டும். அதிலும் அறையில் மூத்தவர் முதலில் எழ வேண்டும். ஓர் அறையினர் வேப்பமரத்தடிக்கு வந்து சேரும்வரை போர்மேன் சங்கரபாண்டியன் குரலை நிறுத்தி வைப்பார். பிறகு தொடரச் செய்வார்.

ஆறு அறையினர் வந்தனர். கடைசியான ஏழாம் அறையின் மூத்தவர் சின்னத்தாயும் உடனிருந்த மூவரும் வரவில்லை. போர்மேன் நேரில் சென்று அழைத்து வந்தார்.

“ஏத்தா சின்னத்தாயி, காதுல பஞ்சா வச்சிருக்க? அம்புட்டுப் பேரும் இங்கன நிக்காக, நீ அங்கன சம்மணம் போட்டு உக்காந்திருக்க!”

“எங்க நம்பரக் கூப்பிடலையே அண்ணாச்சி.”

“வாங்கன்னு எனக்குக் கேட்டுச்சே?”

“எனக்குந்தேன் கேட்டுச்சு. யாரன்னு சொல்லலையே! கல்யாண வீட்டுலயே பேரச் சொல்லித்தேன் பந்திக்குக் கூப்பிடுதாக.”

மரத்தடியில் சிரிப்பு எழுந்தது. போர்மேன் சிரிக்கவில்லை.

“இருவது வருசமா வெடிச் சத்தம் கேட்ட காதுத்தா அது. காது மந்தமான ஆள மருந்து ரூம்ல வைக்க முடியாது. நாளையிலருந்து வராத.”

சின்னத்தாயின் முகத்திலிருந்த கேலி மறைந்தது. அறைத் தோழியர் மூவரும் தங்களுக்கும் எண் கேட்கவில்லை என்றனர். “ஒனக்கு வக்காலத்து வாங்குதாளுக” என்று போர்மேன் அதையும் தள்ளிவிட்டார்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். டிரைவர் பெற்றுக்கொண்ட துண்டுகளுக்கும் சில்லு ஒலித்த துண்டுகளுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நொடிக்குச் சற்று அதிகமான ஒலி காணாமல் போயிருந்தது. நிறுத்தும்போது, வாங்கி வைத்து இன்னும் ஒலிக்காத தரவையும் சேர்த்துக் கொட்டிவிடுமாறு நான் எழுதியிருந்தேன். தொடரும்போது அதற்கு அடுத்த துண்டுதான் வந்தது. அலுவலகத்தில் ஒரு திரைப்பாட்டை வைத்துச் சோதித்தபோது அந்த ஒரு நொடி எவருக்கும் உறுத்தவில்லை. இங்கும் முதலில் எண்களுக்கு இடைப்பட்ட மௌனமே தொலைந்தது. ஆறாம் அறையை அழைத்த பிறகு போர்மேன் நிறுத்தும் பொத்தானைச் சற்றுத் தாமதமாக அழுத்தவே, ஏழு என்ற எண்ணே தொலைந்துவிட்டது.

இதைச் சொன்னால் எங்கள் கருவியைக் கழற்றி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சினேன். சின்னத்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாயிலை நோக்கி நடந்ததைக் கண்ட பிறகுதான் நான் வாய் திறந்தேன்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. அவுக காதுல குறையில்ல. தப்பு நான் எழுதினதுல இருக்கு.”

“பாவம் பாத்துப் பேசுதீகளோ?”

“இல்லைங்க. நீங்களே கொஞ்சம் பிந்தி அழுத்திப் பாருங்க.”

அவர் மூன்றாம் எண்ணுக்கு முன்னால் அவ்வாறே செய்தார். “…வாங்க” என்று மட்டும் ஒலித்தது. ஐந்தாம் எண்ணிலும் அதுவே நேர்ந்தது. அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

“நெசமா இடி இறங்குத அன்னைக்கு இப்படிக் கூப்பிட்டிருந்தா, தம்பி?”

வாயிற்காவலரிடம் சொல்லி அவர் சின்னத்தாயைத் திரும்ப அழைத்தார். நான் அலுவலக அறையில் அமர்ந்து, நிறுத்தினால் தரவும் நின்ற இடமும் அப்படியே காக்கப்படுமாறு வரிகளை மாற்றினேன்.

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் ஒத்திகை. ஏழாம் எண்ணுக்கு முன் போர்மேன் வேண்டுமென்றே தாமதித்து நிறுத்தினார். வெகுநேரம் காத்திருந்து தொடரச் செய்தார்.

“ஏழாம் அறை, வாங்க.”

சின்னத்தாய் எழுந்து, மருந்துத் தூள் படிந்த சேலையை உதறாமல், மெல்ல நடந்து வந்தார். மூவரும் பின்தொடர்ந்தனர்.

“இப்பத்தேன் மரியாதையாக் கூப்பிடுது” என்றார்.

போர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வேலைக்குக் கூட்டிட்டு வார வேன் நாளைக்கு ஏழு மணிக்கே வந்துரும்த்தா. பிந்திராத.”