பால் போன வழி

ஃபெஸ் நகரத்துச் சந்துக்குள் இருந்த தன் வீட்டை அத்தை லல்லா தாமு எனக்கு விட்டுவிட்டுப் போனாள். விற்றுத் தருகிறேன் என்று கிளம்பியவன் என் அண்ணன் முஃபத்தல். அவன் வாய்க்கு மசூதியையே விற்றுவிடுவான். வாங்க வந்தவள் தையல்காரி பஹீஜா, கைக்குழந்தைக்காரி. பேச்சு முடிந்து சாவியும் அவள் கைக்குப் போயாயிற்று. மாலையில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

குடிவருவதற்கு முன் முற்றத்தில் பால் ஊற்ற வேண்டும் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே. பஹீஜா செம்போடு கவிழ்த்தாள்.

சின்ன வயதில் நான் கழுவிவிட்ட தரை அது. எங்கே ஊற்றினாலும் தண்ணீர் நடுவிலுள்ள சாக்கடைக் குழிக்குத்தான் ஓடும். பால் அங்கே போகவில்லை. படுக்கையறைச் சுவரின் அடிக்கு ஓடி, சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது.

“பாத்தியா, குடிச்சுட்டாங்க. உன்னை அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு,” என்றான் அண்ணன். பஹீஜா பூரித்துக் குலவையிட்டாள். தூங்கிய குழந்தையை அந்தச் சுவரோரப் பாயிலேயே கிடத்தினாள்.

“பஹீஜா, பிள்ளையத் தூக்கு. தரை சாய்ஞ்சிருக்கு. சுவருக்கு அடியில ஒண்ணுமே இல்ல, விழுந்துடும்,” என்றேன்.

அவள் சிரித்தாள். “விலை ஏத்தணும்னா நேராவே கேளு, பத்தூல்.”

அண்ணன் பல்லைக் கடித்தான். இவளுக்கு மூளை கலங்கிவிட்டது, அத்தை செத்த துக்கம் என்று பஹீஜாவிடம் சமாதானம் சொன்னான். சொன்னதோடு விடாமல் அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான், மடையன்.

குழந்தையை வாரிக்கொண்டு சந்துக்கு ஓடினேன். பிள்ளையைக் கொடுடி பாவி என்று பஹீஜா அலறிக்கொண்டே துரத்தி வந்தாள், கதவு வாசலைத் தாண்டி என் அங்கியைப் பிடித்துவிட்டாள்.

“எங்கடி விழுந்துச்சு? வந்து பாரு,” என்று உள்ளேயிருந்து அண்ணன் கேலி பேசினான்.

அடுத்து மூட்டையிலிருந்து அரிசி கொட்டுவது போல ஒரு சத்தம். அண்ணனின் பேச்சு நின்றது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். செருப்பில்லாமல், ஒரு தோள் முழுக்கச் சுண்ணாம்போடு அவன் வெளியே வந்து விழுந்தான். அவனுக்குப் பின்னாலேயே கதவு வழியாகப் புழுதி கிளம்பி வந்தது.

பஹீஜா மகளை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். பூட்டக் கதவு மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது.