ஹாலில் நாலு முட்டு

எங்கள் மூத்த மருமகன் கட்டடப் பொறியாளர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. நிமிர்ந்தால் அவர் பார்ப்பது ஹாலின் குறுக்கே ஓடும் பீமைத்தான்.

வியாழக்கிழமை காலை சுத்தியலோடு வந்து நின்றார். சின்ன மகளுக்குப் பேசி முடித்திருக்கும் இடத்தார் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். பீமின் அடியில் நீளவாக்கில் ஓடும் விரிசலைப் பூச்சுக்காரர் மூடிக்கொண்டிருந்தார். முக்கியமானவர்கள் யார் வந்தாலும் அதைப் பூசி வெள்ளையடிப்பது இந்த வீட்டு நடைமுறை. மேலே மாடிக் குளியலறை ஒழுகுவது பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அதன் தரையை உடைத்தால் அக்கம்பக்கத்தார் விசாரிக்க வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதைவிட ஒரு மூட்டை சிமெண்ட் கௌரவமானது.

மருமகன் ஏணியில் ஏறித் தட்டினார். உள்ளே பொந்து இருப்பதுபோல் சத்தம் வந்தது. இன்னும் இரண்டு தட்டு. மூன்று விரல் கனத்துக்கு என் பன்னிரண்டு வருஷ கௌரவம் பாளம் பாளமாக சோபாவில் விழுந்தது. உள்ளே பழுப்பாகக் கம்பி தெரிந்தது. சுரண்டி அளந்தார்.

“பதினாறு மில்லிமீட்டர் கம்பி போட்டிருக்கீங்க மாமா. இப்ப பன்னெண்டுதான் இருக்கு.”

“நாலு மில்லிதானே? வயசானா எல்லாரும்தான் இளைக்கிறாங்க.”

“கனத்துல நாலு மாமா. வெட்டுப் பரப்பைக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட பாதிக் கம்பி போயிடுச்சு. துரு உப்பி உப்பி கான்கிரீட்டையும் பிளந்துவிட்டிருக்கு. கம்பியும் கான்கிரீட்டும் ஒண்ணை ஒண்ணு கெட்டியாப் பிடிச்சிருந்தாத்தான் பீம் பாரம் தாங்கும். இங்க பிடிப்பே இல்ல.”

“நானும் உங்க மாமியாரும் முப்பது வருஷமா அப்படித்தான் இருக்கோம். விழுந்துட்டோமா?”

“நான் தாங்கிக்கிட்டு நிக்கிறேன், அதனால விழல,” என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

மருமகன் சிரிக்காமல் தொடர்ந்தார். இன்றைக்கே பீமுக்கு அடியில் நாலு இரும்பு முட்டு நிறுத்த வேண்டும். பிறகு ஒழுக்கை நிறுத்தி, துருவைச் சுரண்டி, புதுக் கம்பி சேர்த்துக் கட்ட இரண்டு மாதம் ஆகும்.

“வர்றவங்க முட்டுகளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு பேசணுமா? திங்கக்கிழமை நிறுத்திக்குங்க. முப்பது வருஷம் நின்ன பீமுக்கு நாலு நாள் நிக்கத் தெரியாதா?”

“தெரியலாம் மாமா. எந்த நாள் விழப்போறேன்னு அது நம்மகிட்ட சொல்லிட்டு விழாது.”

நான் நின்று கட்டிய வீடு. அதன் யோக்கியதையைச் சுத்தியல் சொல்லி நான் தெரிந்துகொள்வதா? ஒரு நாற்காலியை இழுத்துப் பீமுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தேன்.

“நான் போட்ட பீம் என் தலையில விழட்டும், பார்க்கலாம்.”

“விழுந்தா சம்பந்திகிட்ட என்ன சொல்றது?” என்று கேட்டாள் மனைவி. “கௌரவமாப் போயிட்டாருன்னா?”

நான் அசையவில்லை. அப்போது சின்னவள் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து என் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

“நீ எந்திரிம்மா.”

“ஏன்ப்பா? ஞாயித்துக்கிழமை எல்லாரையும் இங்கதானே உட்கார வைக்கப்போறீங்க? இப்பவே பழகிக்கிறேன்.”

“விளையாடாத. தலைக்கு மேல என்ன இருக்குன்னு பார்த்தியா?”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. மருமகன் பெருந்தன்மையாகத் தரையைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து எழுப்பி, நானும் எழுந்தேன்.

“இன்னைக்கே முட்டு நிறுத்துங்க,” என்றேன் மருமகனிடம். “கோணலா நிறுத்தாதீங்க. வர்றவங்க பார்ப்பாங்க.”

பிறகு வரப்போகும் சம்பந்திக்கு நானே போன் செய்தேன். சேதி இன்னொருவர் வாயால் போய்ச் சேர விடுவேனா?

“ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்க. ஒரு விஷயம், எங்க ஹால் பீம்ல கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. பன்னெண்டு வருஷமா நான்தான் பூசி மறைச்சுட்டு இருந்தேன். நாலு முட்டு நிக்கும். பின் அறையில உட்காரலாம்.”



“அடியில யாரும் உட்காரலையே?” என்றார் அவர்.

“இப்பத்தான் எந்திரிச்சோம்.”