ஏரிக்கரையில் ஒரு வெற்றிடம்

விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டி, நாடு முழுவதையும் ஒரே படமாக்குவது அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். அரசுப் பணத்தில் உருவாகும் அப்படத்தை எல்லாத் துறைகளும் பொதுவில் பயன்படுத்தும்.

ஏரிக்கரைப் படங்களை ஒட்டியபோது அண்ணனின் புது வீடு திரையில் தெரிந்தது. அனுமதியின்றிக் கட்டியது; இடிப்பவர்கள் கண்ணில் பட்டால் ஒரு செங்கல்கூட மிஞ்சாது. அந்தத் துண்டை நீக்கி, வீடு கட்டுவதற்கு முன் எடுத்த பழைய படத்தை அங்கே வைத்துத் தைத்தாள். வீடிருந்த இடம் புதராயிற்று. ஓரத்து நிறத்தைச் சரிசெய்ததும் ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை.

பிறகு மூன்று வாரம் மழை விடாமல் பெய்தது. ஒரு காலையில் மேற்பார்வையாளர் கைபேசியும் காதுமாக வந்தார்.

“தையல்காரி, உன் படத்துக்கு இன்னைக்குத்தான் மவுசு! ஏரி உடையுறதுக்குள்ள மதகைத் திறந்தாகணுமாம். தண்ணிய எந்தப் பக்கம் விடலாம்னு அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணியிருக்காங்க.”

“எந்தப் பக்கம் சார்?”

“கிழக்குக் கரை. அங்க ஒரு ஈ காக்கா கிடையாதே.”

“அங்க வீடு இருக்கு சார்! எங்க அண்ணன், அண்ணி, ரெண்டு குழந்தைங்க…”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். “எங்கம்மா? நீ தச்ச படத்தை நீயே நம்ப மாட்டியா?”

நீக்கிய துண்டை அவள் தேடினாள்.

அவர் கைபேசியில் சொன்னார்: “ஆமாங்க, நல்லாப் பார்த்துட்டேன். வெறும் புதர்தான். திறங்க.”