துண்டு போட்டு மூடிய டிரம்

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. எழுதித் தர ஒப்புக்கொண்டது ஒரு போர்டு. ஏற்காட்டில் ஓர் ஓட்டல் பாரில் சனி, ஞாயிறு மாலைகளில் வாசிக்கும் ‘கடைசி வளைவு’ குழுவுக்காக வாசலில் வைக்கிற போர்டு. குழுவில் மூன்று பேர். ஆளுக்கு மூன்று வரி. மேலே ‘இசைப் பின்னணி’ என்று தலைப்பு. கேட்டது கீபோர்டு வாசிக்கும் ஜீவானந்தம், சேலத்தில் எங்கள் தெருப் பையன். “உங்களுக்கு அரை மணி நேர வேலைதான்க்கா,” என்றான்.

இரண்டு மாதமாக மலையேறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொம்பளை பாரில் தனியாக உட்கார்ந்து எலுமிச்சை சோடா குடித்தபடி டிரம்மையே முறைத்துப் பார்ப்பது அங்கே பழகிப்போய்விட்டது.

2

முதல் இரண்டு பேர் சுலபம்.

‘ஜீவானந்தம்: கோயில் திருவிழா மெல்லிசைக் குழுக்களில் வளர்ந்தவர்.’ இது போர்டுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. திருவிழாக் கச்சேரியில் முதல் பாட்டு பிள்ளையாருக்கு. அந்தப் பழக்கத்தை இவன் பாரிலும் விடவில்லை. சினிமாப் பாட்டுக்கு முன்னால், ஏதோ கீபோர்டைச் சரிபார்ப்பது போல, பிள்ளையார் மெட்டை வார்த்தையில்லாமல் வாசித்துவிடுகிறான். குடிக்கிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. பிள்ளையாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அவரு கண்டுக்க மாட்டாருக்கா,” என்றான்.

‘கவிப்பிரியா: கல்யாண மண்டபங்களில் பாடிப் பழகியவர்.’ மண்டபத்தில் ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து இருக்கும். பாடுகிறவளுக்குத் தன் குரலே கேட்காது. அதனால் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடக் கற்றாள். இங்கே அவள் காலடியிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது. ஆனாலும் விரல் காதுக்குப் போய்விடுகிறது.

(எவனும் தன் பின்னணியை வாயால் சொல்வதில்லை, கையால் சொல்லிவிடுகிறான். இந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் மேதாவித்தனமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

மூன்றாவது ஆளிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

முனியப்பன் மலையிலேயே உள்ள கொட்டச்சேடு என்ற ஊர்க்காரர். வாரநாளில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். வாசிக்க உட்கார்ந்ததும் தன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய டிரம்மின் மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்ட துண்டை மடித்துப் போடுவார். கடைசிவரை அதைத் தொடமாட்டார். பாட்டில் அந்த டிரம் அதிர வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும், மற்ற இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போவார்கள்.

“எதுக்குங்க துண்டு?”

“பழக்கமுங்க.”

அவ்வளவுதான். சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பம் ஒன்று: அந்த டிரம் கிழிந்திருந்தது. (இல்லை. புதுசு என்று ஜீவானந்தம் சத்தியம் செய்கிறான்.)

ஆரம்பம் இரண்டு: முனியப்பன் சின்ன வயதில் ஒருநாள் அப்பாவின் பம்பையை எடுத்து

[இங்கே நிறுத்திவிட்டேன். அப்பாவை எனக்குத் தெரியாது. பம்பை மட்டும் நிஜம். முனியப்பன் ஊர்த் திருவிழாவில் பம்பை மேளம் அடித்த ஆள் என்று ஜீப்பில் வந்த ஒருவர் சொன்னார்.]

4

மிளகாய் பஜ்ஜி தீர்ந்துபோனதால் கதை நகர்ந்தது. கேட்டு வாங்க சமையல்கட்டுக்குப் போனேன். தலையில் பிளாஸ்டிக் குல்லா போட்டுக்கொண்டு, எண்ணெய்ச் சட்டி முன்னால் கண்ணாயி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

“டிரம்முக்காரரையே பார்த்துட்டு இருக்கறீங்களாமா,” என்றார். “அந்தத் துண்டு என்னுதுங்க. நாந்தான் குடுத்தேன்.”

அவரும் கொட்டச்சேடுதான். பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். இரண்டும் ஒன்றாகப் பேசுகிற ஓர் அடி இருக்கிறது. அது அம்மனைக் கூப்பிடுகிற அடி. முனியப்பன் அதை அடித்தால் அம்மன் வருவது கண்ணாயி மேல். திருவிழா நடந்த வருஷமெல்லாம் அப்படித்தான். அந்தப் பெரிய டிரம்மும் பக்கத்து டிரம்மும் சேர்ந்தால் அச்சு அசல் பம்பைச் சத்தம் என்கிறார்.

“நான் வேலைக்கு வந்த புதுசுங்க. அவரு சும்மா தட்டிப் பாத்தாரு. எனக்கு இங்க ஒடம்பு சிலுத்துப் போச்சு. கரண்டி எண்ணெயிலயே உழுந்துருச்சு. அப்ப இருந்த மேனேஜரு, இன்னொருக்கா இப்புடி ஆனா வராதீங்கன்னுட்டாரு. எண்ணெய் முன்னால நிக்கறவ மேல சாமி வந்தா ஊடு போய்ச் சேர முடியுங்களா? அதான் துண்டக் குடுத்தேன். அவரு ஒண்ணுமே கேக்காம வாங்கிப் போட்டுக்கிட்டாரு.”

எனக்கு அந்த இடத்தில் முனியப்பன் மேல் பெரிய மரியாதை வந்தது. ஒரு வாத்தியக்காரன் தன் வாத்தியத்தில் பாதியை இன்னொருவருடைய வேலைக்காக விட்டுக்கொடுப்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

(கீழே சேலத்தில், வந்த சாமி திரும்பிப் போனால் ‘மலையேறிவிட்டது’ என்போம். மலை மேலேயே இருக்கிறவர்களுக்கு அது எங்கே ஏறும் என்று கேட்டேன். “இன்னும் மேலதானுங்க,” என்றார் கண்ணாயி.)

5

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். பிரபாகர் விடவில்லை.

பிரபாகர் புது மேனேஜர். கெட்டவர் இல்லை, சுத்தம் பார்க்கிறவர். துண்டு அழுக்காக இருக்கிறது என்று சலவைக்குப் போட்டுவிட்டார். சனிக்கிழமை வெளியூர்க் கூட்டம் வருகிறது, டிரம் மட்டும் தனியாக ஐந்து நிமிஷம் வேண்டும், முழு செட்டும் அதிர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

முனியப்பன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு என்னிடம் முதல்முறையாக நாலு வாக்கியம் பேசினார். “அந்தம்மா வேலை போயிருமுங்க. வேற துண்டு போட்டுக்கலாம்னா, இவரு அதையும் எடுத்துருவாரு. முடியாதுன்னு சொல்லீரலாம்னு இருக்கறேன். என் கையும் இப்ப சினிமாப் பாட்டுக் கை ஆயிருச்சுங்க.”

கடைசி வாக்கியம் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. கண்ணாயியிடம் போய், அவர் அடிக்கமாட்டாராம், பயப்படாதீர்கள் என்றேன்.

கண்ணாயி பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். “ஊருல ரெண்டு பக்கமும் சண்டைங்க. மூணு வருசமா திருவிழாவே இல்ல. பம்பை ஆணியில தொங்குது. யாரும் கூப்புடல, யாரும் வரல.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வந்துரும்னு பயமில்லீங்க. அடிச்சும் வரலைன்னா? அப்புறம் நான் ஆருங்க, வெறும் பஜ்ஜி போடறவதானுங்களே.”

அந்தத் துண்டு சாமியைத் தடுக்க மட்டும் கிடக்கவில்லை. அந்தக் கை கூப்பிட்டால் இன்னும் வருமா என்ற கேள்வியை இரண்டு பேரும் அதற்குக் கீழே மூடி வைத்திருந்தார்கள்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) முனியப்பன் மறுத்துவிடுகிறார். நல்ல மனுஷன், நல்ல முடிவு. ஆனால் இரண்டு பேருக்கும் சாகும்வரை பதில் தெரியாது.

(ஆ) அம்மன் வருகிறாள். வெளியூர்க்காரர்கள் செல்போனைத் தூக்குகிறார்கள். இதை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

(இ) வரவில்லை. கண்ணாயி திரும்பிப் போய் அடுத்த பஜ்ஜியைப் போடுகிறார். இதை இரண்டு வரிக்கு மேல் எழுத மனசு வரவில்லை.

ஆகவே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை பாதிக் கச்சேரியில் பிரபாகர் கையைக் காட்டினார். முனியப்பன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தட்டு நீட்டும் ஜன்னல் வழியாகக் கண்ணாயி அவரைப் பார்ப்பது தெரிந்தது.

கண்ணாயி அடுப்பை அணைத்தார். எண்ணெய்ச் சட்டியைப் பிடிதுணியால் பிடித்துத் தூக்கி, எட்டாத மூலையில் வைத்தார். கையைக் கழுவினார். குல்லாவைக் கழற்றினார். பிறகு கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விட்டுக்கொண்டார்.

முனியப்பன் ஒரு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து வளைந்த பம்பைக் குச்சியை எடுத்தார். முடியாது என்று சொல்ல வந்தவர் அதை ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஜீவானந்தம் அன்று இரண்டாவது முறையாகப் பிள்ளையார் மெட்டை வாசித்தான். கவிப்பிரியா காதிலிருந்து விரலை எடுத்தாள்.

குச்சி மேலே போனது. இறங்கியது.

போர்டுக்கான மூன்று வரியை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்:

முனியப்பன்.
கொட்டச்சேடு, பம்பை.
கூப்பிடத் தெரிந்தவர்.

வந்ததா என்று எழுத நாலாவது வரி வேண்டும், போர்டில் இடமில்லை. நான் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணாயியின் முகம் உங்களுக்குத்தான் தெரியும்.