துருத்தியில் பழுதில்லை

"உன் துருத்தி ஆடிடுச்சு, காமாரியா" என்றார் என் புருஷன் ஷேக் அலாவுதீன்.

படம் கழுவும் ஹைப்போ மருந்து சொட்டச் சொட்டக் கண்ணாடிப் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

படம் பிடிக்கும் அந்தப் பெட்டி என்ன நிலைமையில் வீட்டுக்கு வந்தது என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரின் சாமான்களை லேலோங் விட்டபோது, ஏலத்தில் வேறு யாரும் சீண்டாத அதை மச்சான் எடுத்து வந்தார். புருஷனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. மரம் தேக்கு, கல்லாக இருந்தது. மற்றதெல்லாம் நாசம். லென்ஸுக்குள் பூஞ்சை. பின்பக்கச் சட்டம் அந்தக் காலத்து ஈரப் பிளேட்டுக்குச் செய்தது, இப்போது கடையில் விற்கும் பிளேட்டு அதில் நிற்காது. லென்ஸுக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் தோல் துருத்தியைப் பூச்சி தின்று சல்லடையாக்கியிருந்தது. கோழி அடைக்கலாம், வேறெதற்கும் ஆகாது என்று நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

மச்சான் விடவில்லை. லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பின்சட்டத்தைப் புதிதாக இழைத்து, நம் பிளேட்டு அசையாமல் உட்காரப் பித்தளை வில் வைத்தார். துருத்திக்குத்தான் வழியில்லை. சீமைக்கு எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டும் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கொண்டாங்க இப்படி" என்று நான் வாங்கிக்கொண்டேன். என் வாப்பா கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் சொங்கோக் தொப்பி தைப்பவர். துணிக்கும் துணிக்கும் நடுவே அட்டையை ஒட்டி, எத்தனை முறை மடித்தாலும் விறைப்புப் போகாமல் நிற்க வைப்பது எங்கள் வீட்டில் சோறு போட்ட வேலை. பழைய துருத்தியைப் பிரித்து மடிப்புக்கு மடிப்பு அட்டை வெட்டி, உள்ளே ஒரு கறுப்புத் துணி வெளியே ஒரு கறுப்புத் துணி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். முதலில் ஒட்டியது கோணிக்கொண்டது. அடுத்தது விரியவே இல்லை. அதற்கும் அடுத்ததை இருட்டறையில் வைத்து உள்ளே விளக்கேற்றிப் பார்த்தோம். ஊசிமுனை அளவு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. மச்சான் அன்று எனக்குப் பாசாரிலிருந்து மீன் வாங்கி வந்து அவரே ஆய்ந்து கொடுத்தார்.

அந்தப் பெட்டி வெளியே போய் எடுத்த முதல் படம் இது. ஜெலுத்தோங்கிலிருந்து முனுசாமி காலையில் எங்கள் படக்கடைக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அவருடைய அண்ணன் சுப்பையா விடிந்தபோது எழுந்திருக்கவில்லையாம். அவர்களில் செத்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துக் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பாதிப் பேருக்கு வாழ்நாளில் அது ஒன்றுதான் படம். எங்களவர்களிடம் இல்லாத வழக்கம் என்றாலும், கூப்பிட்டால் மச்சான் மறுக்க மாட்டார். பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் போனார்.

மழையால் படத்தை வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே வெளிச்சம் குறைவு, அதனால் லென்ஸ் மூடியை நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறார். உயிரோடிருப்பவர்களை அப்படி எடுக்க முடியாது, ஆடிவிடுவார்கள். செத்தவர் படத்தில் அந்தக் கவலை இல்லை. சுற்றி நிற்பவர்களைச் சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடிக்கச் சொன்னால் போதும். அவர்களில் யாராவது கலங்கலாக விழலாம், நடுவில் இருப்பவர் மட்டும் எப்போதும் தெளிவாக விழுவார். படமெடுக்கும் எல்லோரும் நம்பியிருந்தது இதைத்தான்.

"எங்க ஆடிச்சு, காட்டுங்க" என்றேன்.

"நடுவுல பாரு. மாலை முழுக்க ரெண்டு ரெண்டாத் தெரியுது. இவ்வளவு நீளத் துருத்தி, பாரத்துல தொங்கி லென்ஸை அசைச்சிருக்கும் லா. தோல்லதான் செய்யணும்னு நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க சொல்லலே. தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

பிளேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும் பிளேட்டை மற்றவர்கள் படிக்கத் திணறுவார்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பிளேட்டின் மேலே பென்சில் போட்டு அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் மறைத்துக் கொடுப்பவள் நான்தான். பூதக்கண்ணாடியை எடுத்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்காலிக் கால் தெளிவு. சுப்பையாவின் பெண்சாதி நல்லம்மாளின் சேலைக்கரை தெளிவு. முனுசாமியின் மீசை முடியை எண்ணிவிடலாம்.

"துருத்தி ஆடினா நாற்காலி ஆடாதா? எல்லாத்தையும் விட்டுட்டு மாலையை மட்டும் ஆட்ட என் துருத்திக்கு என்ன பைத்தியமா?"

"அப்ப காத்து அடிச்சிருக்கும்."

"பக்கத்துல குத்துவிளக்கு எரியுது பாருங்க. சுடர் நெட்டுக்குத்தா நிக்குது. சுடரை ஆட்டாத காத்து மாலையை ஆட்டுமா?"

ஜெயித்துவிட்டேன் என்கிற திமிரில் பூதக்கண்ணாடியை மாலையின் மேல் கொண்டுபோனேன். கழுத்தருகே பூக்கள் தெளிவாக இருந்தன. நெஞ்சுக்கு வந்தபோது கலங்கின. வயிற்றின் மேல் கிடந்த பூக்கள் இன்னும் அதிகமாகக் கலங்கி, ஒவ்வொன்றும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு இரண்டாக விழுந்திருந்தன. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அசையவில்லை. மடியில் கிடந்த கைகள் அசையவில்லை. வயிறு மட்டும் அசைந்திருந்தது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"மச்சான், அவர் எப்படி மௌத்தானார்?"

"ரெண்டு நாளாப் பல்வலியாம். கூட வேலை செய்றவங்க யாரோ கறுப்பா உருண்டை கொடுத்திருக்காங்க. வலி போகலைன்னு ராத்திரி எல்லாத்தையும் முழுங்கிட்டுப் படுத்திருக்கார். காலையில உடம்பு சில்லிட்டுக் கெடந்துச்சாம். மூக்குல கைய வச்சுப் பாத்தாங்களாம், மூச்சு இல்லையாம்."

கறுப்பு உருண்டை என்றால் அபின். அளவு மீறித் தின்றவன் பிணம்போலக் கிடப்பதையும், நெஞ்சு எப்போதோ ஒருமுறை ஏறி இறங்குவதையும் எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. வாப்பாவின் கடைக்கு எதிரே அப்படிக் கிடந்த ஒருவனை முகத்தில் அடித்துக் கடுங்காப்பியை ஊற்றி நடக்க வைத்து எழுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

"மச்சான், அந்த மனுஷன் மூச்சு விட்டிருக்கார்."

மச்சான் என்னைப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்தார். "நான் மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு அவரைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். பிறகு அதையே இன்னொரு முறை சொன்னார். நான் அவரை உலுக்க வேண்டியிருந்தது.

"எப்ப எடுக்கிறாங்க?"

"சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு அப்புறம்னாங்க. நேரமிருக்கு."

அப்போதுதான் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். மழை விட்டு வெயில் அடித்தது. மறுபடி மழை வருவதற்குள் காரியத்தை முடிக்கத்தான் எந்தச் சாவு வீட்டிலும் பார்ப்பார்கள். பிளேட்டைப் போட்டது போட்டபடி, இழுத்த முக்காட்டோடு தெருவுக்கு ஓடினேன். ரிக்‌ஷாக்காரன் மலாய்க்காரனா சீனனா என்றுகூடப் பார்க்கவில்லை. ஜெலுத்தோங், சீக்கிரம் என்று எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் கத்தினேன். வழி முழுவதும் மச்சான் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். நான் ஓதவில்லை. எழுப்பிவிடலாம், இந்நேரம் அவருக்கே கண் திறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

முனுசாமி வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். நசுங்கிய பூக்கள் பாதையெங்கும் கிடந்தன. உள்ளே பெண்கள் நல்லம்மாளின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர், மழை விட்டதுமே எடுத்துட்டாங்க என்று கையை நீட்டிக் காட்டினார்.

சுடுகாட்டுக்கு அவர்கள் பெண்களே போவதில்லை. நான் போனேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். திருப்பத்தில் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. கொட்டகைக்குக் கீழே தீ ஆள் உயரத்துக்கு மேலே எழுந்து நின்றது. கட்டைகளின் நடுவே என்ன இருந்தது என்று தெரியாத அளவுக்குத் தீ. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முனுசாமிதான் முதலில் எங்களைப் பார்த்தார். பிள்ளை இல்லாத அண்ணனுக்கு அவர்தான் கொள்ளி வைத்திருந்தார். ஈர வேட்டியோடு, சிவந்த கண்ணோடு வந்தார்.

"என்ன பாய், அக்காவையும் கூட்டிக்கிட்டு இம்புட்டுத் தூரம்? படத்துக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

மச்சான் வாயைத் திறந்தார். உண்மையை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர், அந்த நிமிஷத்தில் சொல்லியே விடுவார். நான் எழுந்து முனுசாமியின் கைகளைப் பார்த்தேன். கொள்ளி வைத்த கை. கரி ஒட்டியிருந்தது.

"படம் நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றேன். "நீங்க கவலைப்படுவீங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தோம்."

"அது போதும்க்கா" என்று அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது மச்சான், "சுடுகாட்டுக்குப் போற வழியிலேயே மௌத்தாகியிருக்கலாம்ல, காமாரியா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். எப்போது உயிர் போனதென்று படைத்தவனுக்குத்தான் தெரியும். சொல்லியிருக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தத் தீக்கு முன்னால் நின்று முனுசாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு வாய் வருமா என்று வந்து காட்டட்டும்.

மறுநாள் பிளேட்டைச் சாய்வு மேசையில் வைத்துப் பென்சிலைச் சீவினேன். இரண்டாக விழுந்த பூக்களைக் கத்தி நுனியால் சுரண்டி ஒன்றாக்கினேன். ஓரம் கலங்கிய இடத்தில் பென்சிலால் இதழ் போட்டேன். கழுத்திலிருந்து வயிறுவரை ஒவ்வொரு பூவாக நிறுத்தினேன். கண்ணீர் பிளேட்டில் விழாமல் இருக்கத் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு வேலை செய்தேன். மச்சான் அறைக்குள் வரவே இல்லை. முடித்தபோது அந்த மாலையில் அசைவு என்று எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளில் அவ்வளவு சுத்தமான வேலை வேறில்லை.

கருமாதி முடிந்து நல்லம்மாள் கடைக்கு வந்தாள். படத்தை இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். புருஷனின் நெஞ்சை, மாலையை, விரலால் தடவினாள்.

"தூங்குற மாதிரியே இருக்காருக்கா. கூப்பிட்டா எழும்பிருவாரு போல" என்றாள். "பெட்டியோட துருத்தியை நீங்கதான் உக்காந்து செஞ்சீங்களாம், பாய் அன்னிக்கே எங்ககிட்ட பெருமையாச் சொன்னாரு. இந்தக் கை நல்லாருக்கணும்க்கா."

என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். நான் கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.