மெட்ராஸ் வாய்

மலைமேல் இருக்கும் கொட்டச்சேடு கிராமத்துச் சித்தனின் ஒரே மகன் குழந்தைவேல் மெட்ராஸ் காய்கறிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனபோது அவனுக்கு இருபது வயது. போன புதிதில் வாயைத் திறந்தாலே சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏனுங்க, இந்த மூட்டைய எங்க எறக்கறதுங்க" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் வேறொருவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். லாரிச் சத்தத்தில் நீளமான பேச்சு யார் காதிலும் விழாது. மரியாதையாகப் பேசுகிறவனை ஏமாளி என்று முடிவு கட்டிக் கடைசியில் தள்ளினார்கள். இன்னா, குந்து, அப்பால போ என்று வெட்டிப் பேசப் பழகிய பிறகுதான் அவனுக்கு ஒழுங்காக வேலை கிடைத்தது. திட்டப் பழகிய பிறகு யாரும் அவன் மேல் கை வைக்கவில்லை. சில வருடங்களில் கனவில்கூட அந்தப் பேச்சுத்தான் வந்தது.

வெங்காய மூட்டை சரிந்து தோள்பட்டை எலும்பு முறிந்ததும் ஊர் திரும்பினான். அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். சித்தன் மட்டும் நாலு பலா மரங்களையும் கொஞ்சம் காப்பிச் செடியையும் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். மகன் வந்துவிட்டான் என்று பார்க்க வந்த ஊர்ப் பெரியவரிடம் குழந்தைவேல் வாஞ்சையோடுதான், "இன்னா பெர்சு, சௌக்கியமா கீறியா" என்று கேட்டான். அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் எழுந்து போனார். சித்தன் பின்னாலேயே ஓடி, பையனுக்கு வாய்தான் கெட்டுப்போச்சு, மனசு கெடவில்லை என்று கெஞ்சிவிட்டு வந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் வேலை கேட்கப் போன இடத்திலும் அதே கதைதான். பேச்சைக் கேட்டதுமே ரைட்டர் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

கடைசியில், மலை பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஒண்டிக்கடைப் பக்கம் லாட்ஜ் வைத்திருந்த சேலத்துக்காரர் பாலசுப்பிரமணியம் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அறைகளுக்கு வெந்நீர் கொண்டுபோகும் வேலை; படுக்கையும் லாட்ஜிலேயே. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதை அவர் கவனித்தார். மலைமேல் வந்து நம்ம ஊர் ரிக்‌ஷாக்காரன் பாஷையைக் கேட்கிறோமே என்று அவர்களுக்கு வேடிக்கை. அந்தப் பேச்சு பேசுகிறவனை மெட்ராஸில் அவர்கள் வாசற்படி ஏறவிட மாட்டார்கள். பாலசுப்பிரமணியம் மத்தியான வேளைகளில் அவனைப் புல்தரைக்குக் கூப்பிட்டு, ஐயாக்களுக்குக் கொஞ்சம் பேசிக் காட்டச் சொல்வார். பிறகு, திட்டிக் காட்டச் சொன்னார். அவன் திட்டத் திட்ட, திட்டு வாங்கியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு மே மாதம், மெட்ராஸ் ஆபீஸ் ஒன்றிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். குழந்தைவேல் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, லாட்ஜுக்கு வழக்கமாகப் பழம் கொடுக்கும் சித்தன் தோளில் ஒரு பலாப்பழத்தோடு படியேறி வந்தார்.

"சாமி, இதக் கொஞ்சம் புடி கண்ணு" என்றார் மகனிடம்.

நாற்காலியில் இருந்த ஒருவர் அவரைக் காட்டி, இந்தப் பெரியவரைத் திட்டு பார்க்கலாம் என்றார். குழந்தைவேல் இரண்டு கையையும் கூப்பினான்.

"வாணாம் சார். அது எங்க நைனா சார்."

அதையும் அவன் நடிப்பென்று எடுத்துக்கொண்டு கூட்டம் முன்பைவிட அதிகமாகச் சிரித்தது. பாலசுப்பிரமணியத்துக்கு உண்மை தெரியும். அவர் அருகில் வந்து, "அட, சும்மா சொல்லப்பா. அவருக்கு என்ன புரியப் போவுது? இல்லீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

புரியாது என்றுதான் குழந்தைவேலும் நம்பினான். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "டேய் கஸ்மாலம், சோமாரி, பலாப்பயத்த தூக்கினு வந்துட்டான் பாரு பேமானி" என்று ஆரம்பித்து, சந்தையில் கற்றதையெல்லாம் கொட்டினான். குழந்தைகள் கைதட்டின. சித்தன் பழத்தைச் சுமந்தபடி சிரிக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"பழத்த எங்க வெக்கட்டுங்க?" என்று அவனையே கேட்டார்.

அன்று சாயங்காலம் குழந்தைவேல் பஸ் பிடித்துக் கொட்டச்சேடு போனான். வழியெல்லாம் அப்பாவின் பேச்சிலேயே சொல்லவேண்டியதை மனதுக்குள் கோர்த்துக்கொண்டே போனான். வாசலில் அவரைக் கண்டதும் வாயில் வந்தது வேறு.

"நைனா, மன்சுல வெச்சுக்காத நைனா. வோணும்னா சொன்னேன்?"

சித்தன் கோபப்படவில்லை. பாயை விரித்தார். "உக்காருங்க. சாப்புட்டுட்டுப் போங்க" என்றார். களியும் கீரையும் வைத்துவிட்டு, வெளியூர் ஆளுக்குப் பரிமாறுவதுபோல் ஓரமாக நின்றுகொண்டார். குழந்தைவேல் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். படுத்துக்கொள் என்று அப்பா சொல்லாததால் எழுந்து நடந்தே லாட்ஜுக்கு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு லாட்ஜுக்குப் பழம் பக்கத்துக் காட்டுக் காளியண்ணன் கொண்டுவந்தான்.

அடுத்த தை மாதக் குளிரில் சித்தன் செத்துப்போனார். ஆள் அனுப்பிச் சொன்னார்கள். குழந்தைவேல் ஓடிவந்து பாடைமேல் விழுந்து, "என்னிய வுட்டுட்டுப் பூட்டியே நைனா, யாராண்ட போவேன் நைனா" என்று கதறினான்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பங்காளி வீட்டு வீராயி அடக்க முடியாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய இடத்திலேயே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.